கை காட்டிய பக்கம்

படகைக் கரையில் இழுத்துப் போட்டுக் கட்டியாகிவிட்டது. அப்புறமும் அதன் அடியில் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

ஆற்றில் போகும்போது எப்போதும் கேட்கிற சத்தம்தான் அது. மேலே பனியாறுகள் மலையை அரைத்து அரைத்து அனுப்புகிற வண்டல், மாவு மாதிரி நைசாக, சாம்பல் நிறத்தில், தண்ணீரோடு கலந்து ஓடிவந்து ரப்பர் படகின் வயிற்றில் உரசிக்கொண்டே போகும். ஆற்றுச் சுற்றுலாவுக்குப் புதிதாக வருகிற விருந்தாளிகள் படகில் ஓட்டை விழுந்துவிட்டதோ என்று பதறிப்போய்க் குனிந்து பார்ப்பார்கள். நெல்டாவும் அவர்களைக் கொஞ்ச நேரம் பதறவிட்டு, அப்புறம்தான் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொல்வாள். படகு மிதந்தால் சத்தம் உண்டு, தரை தட்டினால் இல்லை, அவ்வளவுதான். இப்போது படகு உலர்ந்த கூழாங்கல் மேட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது, ஆறு தள்ளி ஓடிக்கொண்டிருந்தது, காற்றுகூட இல்லை. ஆனாலும் ஸ்ஸ்ஸ் என்று மெல்லிசாக, விடாமல், யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுக்கிற மாதிரி அது வந்துகொண்டே இருந்தது.

நெல்டா முட்டி போட்டு ரப்பரில் காதை வைத்தாள். சத்தம் நின்றது. காதை எடுத்தாள். திரும்ப ஆரம்பித்தது.

"என்னக்கா, படகுக்குக் காய்ச்சலா? நாடி பிடிச்சுப் பாக்குற?"

ஆர்லோ, அவள் தம்பி. இந்தப் பயணத்தில் இரண்டாவது படகு அவனுடையது. தாடியும் தொப்பையுமாக, கையில் தோசைத் திருப்பி மாதிரி ஒன்றை ஆட்டிக்கொண்டு நின்றான்.

"காத்து இறங்குதோன்னு நெனச்சேன்."

"கல்லு மாதிரி இருக்கு. வா வா, சால்மன் ஆறிப்போகுது. விட்டா அந்த டீச்சரம்மாங்க தட்டையும் சேத்துத் தின்னுருவாங்க." சொல்லிவிட்டு அவன் நகரவில்லை. குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு ஏரி வருதுக்கா. முடியலன்னா இப்பவே சொல்லிடு. உன் ஆளுங்களையும் என் படகுல ஏத்திக்கிறேன், உன் படகைப் பின்னால கட்டிக்கிறேன். யாரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க."

"எனக்கென்னடா? நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லாத்தான் இருக்க. அதான் படகுகிட்ட ரகசியம் கேட்டுக்கிட்டிருக்க."

அவனும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. பாவம், அந்த ஏரி வாயில் போனவள் அவனுக்கும் அக்கா மகள்தானே.

நெருப்பைச் சுற்றி எல்லாரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நெல்டாவின் படகில் வருகிறவர்கள் ஒரு வயதான தம்பதி: நெப்ராஸ்காவில் டிராக்டர் விற்றுவிட்டு ஓய்வுபெற்ற ஃப்ளாய்ட், அவர் மனைவி இர்மா. வந்த நாளிலிருந்து யார் குறட்டை பெரியது என்று சண்டை போடுகிற ஜோடி. ஆர்லோவின் படகில் ஒரே பள்ளிக்கூடத்து டீச்சர்கள் நாலு பேர்.

"உன் குறட்டைக்குக் கரடி பயந்து ஓடுது, இர்மா," என்றார் ஃப்ளாய்ட்.

"கரடியாவது ஓடிப்போச்சு. நான் எங்க ஓடுறது?" என்று மீன் முள்ளை எடுத்தபடி சொன்ன இர்மா, நெல்டா பக்கம் திரும்பினாள். "உனக்குப் பிள்ளைங்க இருக்காம்மா?"

"ஒரு பொண்ணு."

"என்ன பண்றா?"

"இங்கதான் இருக்கா. ஆத்துல."

"அட, அம்மா மாதிரியே படகு ஓட்டுறாளா! நல்ல குடும்பம் போ." இர்மா சந்தோஷமாகத் தலையாட்டினாள். ஆர்லோவின் கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பிறகு சட்டென்று எழுந்து, மறுநாளைக்கான பேச்சை வேண்டுமென்றே சத்தமாக ஆரம்பித்தான்.

"எல்லாரும் கேளுங்க. நாளைக்கு இரைச்சல்ல வாய்ப்பேச்சு எடுபடாது, கையாலதான் பேச்சு. சட்டம் ஒண்ணே ஒண்ணு. ஆபத்து இருக்கிற பக்கம் யாரும் கை நீட்டக் கூடாது. கரடியே வந்து நின்னாலும் 'அதோ பாருங்க'ன்னு நீட்டாதீங்க. எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் மட்டும்தான் கை. ஏன்னா தூரத்திலேருந்து பாக்குறவனுக்கு 'அங்க வா'வும் 'அங்க போகாதே'யும் ஒரே கைதான். அதனால ஆத்துல ஒருத்தர் கை காட்டினா, யோசிக்காம அந்தப் பக்கம் போவோம். எங்க ஆளுங்க உசிரே அதுலதான் ஓடுது."

நெல்டா தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

போன கோடையில் அவள் மகள் டான்சி, ஏரி வாயில் பனி எப்படி இருக்கிறது என்று பார்த்துவர ஒற்றை ஆள் கயாக் படகில் முன்னால் போனாள். ஏரிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பாறைக் குன்று ஆற்றைப் பிளக்கும்; அதன் இரண்டு பக்கத்திலும் நடுப் பிளவிலுமாக மூன்று வழி. படகுக்காரர்கள் கதவு என்பார்கள். பனியாறு உடைத்துத் தள்ளுகிற பாளங்கள் வீடு வீடாக மிதந்துவந்து தினம் ஒரு கதவை அடைக்கும், தினம் ஒன்றைத் திறக்கும். அன்றைக்கு டான்சி கரைதட்டி நின்ற ஒரு பாளத்தின் மேல் ஏறி நின்று கையை நீட்டினாள். நெல்டா அந்தக் கையைப் பார்த்தாள், படகைத் திருப்பினாள், ஏரிக்குள் நுழைந்தாள், எல்லாரும் கைதட்டினார்கள். மகளுக்கும் ஒரு சபாஷ் சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தபோது பாளம் புரண்டது. முன்னறிவிப்பு கிடையாது, பனி அப்படித்தான் புரளும். நீட்டின கை நீட்டினபடியே, வழி காட்டினபடியே, தண்ணீருக்குள் போனது.

தப்பு யார்மேலும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லாமல் ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தாள்.

உடம்பு கிடைக்கவில்லை. இந்த ஆறுகளில் கிடைக்காது. வண்டல் பாக்கெட்டுக்குள் போகும், சட்டைக் கைக்குள் போகும், பூட்சுக்குள் போகும். ஆளைச் சாக்குமூட்டை மாதிரி அடைத்துக் கட்டி அடியிலேயே வைத்துக்கொள்ளும். அவர்கள் ஊரான ஹெயின்ஸின் கல்லறையில் ஒரு கல் வைக்கலாம் என்று பாதிரியார் வந்து சொன்னபோது, வெறும் குழிக்கு எதற்குக் கல் என்று கதவைச் சாத்தினாள். டான்சியின் அப்பா அவள் நடை பழகும் முன்பே தெற்கே கிளம்பிப் போய்விட்ட மனுஷன். அழ ஒருத்தி, தேட ஒருத்தி, இரண்டும் நெல்டாதான். வேலையில் இறங்கினால் மனசு சரியாகும் என்று தம்பியிடம் சொல்லித்தான் இந்தப் பயணத்துக்கு வந்திருந்தாள். அது பொய். என் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகணும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு எண்ணம்தான்.

ஜூலையில் இந்தப் பக்கம் இருட்டு ஒழுங்காக வருவதில்லை. கூடாரத் துணிக்கு வெளியே பழைய பால் நிறத்தில் ஒரு வெளிச்சம் நின்றது. நெல்டா பாயில் படுத்துக் கண்ணை மூடினாள். பாய்க்கு அடியில், தரைக்கு அடியில், ஸ்ஸ்ஸ். புரண்டு படுத்தாள். அது கூடவே புரண்டது.

காலையில், புதரில் காயப்போட்டிருந்த அவள் மழைச்சட்டை கிளையை வளைத்துக்கொண்டு தொங்கியது. எடுத்தால் தூக்க முடியவில்லை. இரண்டு பாக்கெட்டிலும் வண்டல், ஈரமாக, சில்லென்று, விரலால் குத்திக் குத்தி அடைத்த மாதிரி. ஆர்லோ தமாஷ் செய்கிறவன்தான், ஆனால் இந்தத் தமாஷ் செய்யமாட்டான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. வழித்து வழித்துக் கீழே கொட்டினாள். நகக்கண்ணில் ஒட்டின சாம்பலை முகர்ந்து பார்த்தாள். கல்லும் குளிரும் மட்டுமே மணக்கவேண்டிய இடத்தில், மெலிதாக, டான்சி தலைக்குப் போடுகிற ஆப்பிள் ஷாம்பூ வாசனை.

நெல்டா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமுடியாது. ஆனால் அந்த வாசனைக்கு முன்னால் பயம் எந்த மூலைக்கு?

மேகம் மலை இடுப்புவரை இறங்கியிருந்தது. ஆறு அகலமாகப் பிரிந்து பிரிந்து, சடையைப் பிரித்துப் போட்ட மாதிரி, மணல்திட்டுகளுக்கு நடுவே ஓடியது. நெல்டா முன்னால், ஆர்லோ பின்னால். துடுப்புக் கட்டை கொக்கியில் கிறீச்சிட, ஃப்ளாய்ட் தெர்மாஸைத் திறந்து காப்பி ஊற்ற, ஆல்டர் புதர்களின் பச்சை வாசனையும் தூரத்துப் பனியின் வெறும் குளிர் வாசனையும் மாறி மாறி முகத்தில் அடிக்க, வெகுதூரத்து மணல்திட்டு ஒன்றில் ஒரு முளைக்குச்சி மாதிரி ஏதோ நிற்பதை அவள் பார்த்தாள்.

சாம்பல் நிறம். மேலிருந்து கீழ்வரை ஒரே சாம்பல். ஒரு பக்கமாக நீண்டிருந்தது ஒரு கை.

மனசு யோசிப்பதற்கு முன்னால் அவள் கை வேலையைச் செய்துவிட்டது. துடுப்பு திரும்பியது, படகு வலது பிரிவுக்குள் போனது. தாண்டும்போது இடது பிரிவைப் பார்த்தாள்: வேரோடு சாய்ந்த பெரிய மரம் ஒன்று தண்ணீர் மட்டத்துக்குக் குறுக்கே, சீப்பு மாதிரி கிளையை விரித்துப் படுத்துக்கிடந்தது. அதில் மாட்டினால் படகோடு அடியில் போகவேண்டியதுதான்.

"எப்படிக்கா பாத்த?" என்று பின்னாலிருந்து ஆர்லோ கத்தினான். "எனக்குச் சுத்தமா தெரியலையே!"

"தெரிஞ்சுது!"

திரும்பிப் பார்த்தாள். மணல்திட்டு காலி.

"யாரும்மா அங்க நின்னது?" என்று கேட்கவில்லை இர்மா. ஃப்ளாய்டும் கேட்கவில்லை. அவர்கள் கழுகு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த முறை இன்னும் கிட்டத்தில். ஹெல்மெட் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குக் கீழே தொங்குகிற சடை தெரிந்தது, அதுவும் சாம்பலாக, கயிறு மாதிரி விறைப்பாக. கை இடது பக்கம் நீண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. டான்சி ஆற்றில் எப்போதும் கட்டைக்குரலில் பாடிக்கொண்டே வருவாள், கேட்டால் காது வலிக்கும், அதே வாய்தான். நெல்டா இடது பக்கம் திருப்பினாள். வலது பக்கத்தில் நுரைக்கு அடியில் ஒரு பாறைப் பல் ஒளிந்திருந்தது, படகைக் கிழிக்க அது போதும்.

"ஏம்மா அழுவுற?" என்று கேட்டாள் இர்மா.

"தண்ணி தெறிச்சிருச்சு."

"தண்ணி தெறிச்சா சிரிச்சுக்கிட்டேவா அழுவாங்க?"

நெல்டா முகத்தைத் திருப்பித் துடுப்பை இழுத்தாள். என் பொண்ணு. செத்தும் வேலையை விடாத பொண்ணு. அம்மா வருவாளென்று வழியெல்லாம் நின்று காட்டுகிறாளே, என் கண்ணு, இதைப் போய் என்னவென்று சொல்ல. மழைச்சட்டை கனத்தது. பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாள், மறுபடி நிரம்பியிருந்தது. இந்த முறை அவள் அதைக் கொட்டவில்லை.

இரைச்சல் தொடங்குவதற்கு முன்பே குளிர் வந்தது. ஏரி பக்கத்தில். மூடுபனி தண்ணீர்மேல் உருண்டு உருண்டு வந்தது, அதற்குள் எங்கேயோ பனியாறு உடைந்து விழுகிற சத்தம், கனமான அலமாரியை மாடியில் யாரோ இழுக்கிற மாதிரி, வந்து வந்து அடங்கியது. ஏற்பாடு என்னவென்றால், குன்றுக்கு முன்னாலேயே கரை ஒதுங்கி, மேலே ஏறிப் பனியைப் பார்த்துவிட்டு, எந்தக் கதவு என்று முடிவு செய்வது. போன வருஷத்துக்கு அப்புறம் யாரும் தனியாக முன்னால் போவதில்லை.

குன்றின் கறுப்பு மூடுபனிக்குள் எழுந்தது. ஆர்லோ விசில் ஊதினான். நில்.

நடுக் கதவுக்குச் சற்று உள்ளே டான்சி நின்றாள்.

வெள்ளையும் நீலமுமாக நின்ற ஒரு பாளத்தின் மேல், நேராக, கையை நீட்டிக்கொண்டு. உள்ளே. நடுவே. வாய் அகலமாகத் திறந்திருந்தது.

"அவரு விசில் ஊதுறாரும்மா," என்றார் ஃப்ளாய்ட். "மேல ஏறிப் பாக்கணும்னு சொன்னாரே?"

"பாத்தாச்சு."

"யாரு பாத்தா?"

"என் பொண்ணு பாத்துட்டா."

விசில் திரும்ப வந்தது. "அக்கா! ஒதுங்குக்கா! அக்கா!" நெல்டாவுக்கு நன்றாகக் கேட்டது. ஒரு இழுப்பு இழுத்தால் கரை. அந்த இழுப்பை இழுக்கவேண்டும் என்றும் அவளுக்குத் தெரியும். பின்னால் இரண்டு உயிர், அவளை நம்பி உட்கார்ந்திருக்கிற கிழ உயிர்கள். ஆனால் கை காட்டினால் யோசிக்காமல் போ என்பது அவள் கைக்கு ஊறிப்போன பழக்கம், காட்டுகிற கையோ அவள் பெற்ற கை. அவள் நடுக் கதவுக்குத் துடுப்பைப் போட்டாள்.

தண்ணீர் வேகம் பிடித்தது. பாறைச்சுவர் இரண்டு பக்கமும் எழுந்தது. எதிரே மூடுபனி விலகியது.

வழி இல்லை.

பனிச்சுவர். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை. ஆறு முழுக்க அதன் அடிக்குள் போய்க்கொண்டிருந்தது, இருட்டாக, நுரைகூட இல்லாமல், வழவழவென்று. இடது ஓரத்தில் மட்டும் ஒரு சின்னத் தேக்கம், படகு ஒதுங்கி நிற்க இடம் இருந்தது. நெல்டா அதைப் பார்த்தாள். துடுப்பைப் போட்டால் போய்விடலாம் என்பதும் தெரிந்தது. படகு டான்சி நின்ற பாளத்தில் மோதி ஒட்டிக்கொண்டது.

"நெல்டா," என்றாள் இர்மா. குரல் சின்னதாகிவிட்டது. "யாரும்மா அந்தப் பொண்ணு? ஏன் அப்படி நிக்குது?"

இர்மாவுக்கும் தெரிகிறது!

நெல்டா துடுப்பை விட்டாள்.

பாளத்தின் விளிம்பைப் பிடித்து ஏறினாள். முட்டி கிழிந்தது. அவள் எடை இறங்கியதும் படகு இளகியது, சுழன்றது, சுவர் ஓரமாகப் போகத் தொடங்கியது. ஃப்ளாய்ட் துடுப்பைத் தாவிப் பிடித்தார். டிராக்டர் விற்ற மனுஷனுக்குத் துடுப்பு எங்கே தெரியும், தலைகீழாகப் போட்டார்.

"நெல்டா! ஏம்மா! எங்கள விட்டுட்டுப் போறியே!"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு முறை. இர்மா கணவரின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அடியில் இருட்டு. படகின் மஞ்சள் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

ஐயோ, என்றாள் நெல்டா. அப்புறம் மகள் பக்கம் நடந்தாள்.

"டான்சி. கண்ணு. அம்மா வந்துட்டேன்டி."

டான்சி திரும்பவில்லை. கண் மட்டும் திரும்பியது. கட்டிப் பிடித்தாள், உடம்பு இல்லை, மூட்டை. சட்டைக்குள் கெட்டியாக, சில்லென்று, வண்டல். நீட்டின கையை மெதுவாகப் பிடித்து இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. தொங்கிப் பார்த்தாள். இறங்கவில்லை.

திறந்த வாய்க்குள் சாம்பல், விளிம்புவரை. அதற்குள்ளிருந்து ஸ்ஸ்ஸ்.

தவழ்கிற வயதில் இந்தப் பிள்ளை ஆற்றங்கரையில் மண்ணள்ளித் தின்னும். எத்தனை முறை வாயில் விரலை விட்டு வழித்திருப்பாள். அதே மாதிரி தலையை ஒரு கையில் தாங்கி, மற்ற கை விரலை வளைத்து உள்ளே விட்டாள். வழித்தாள். கொட்டினாள். திரும்ப வழித்தாள். "துப்புடி. துப்பு. அம்மாகிட்டத் துப்பு." அடியில் நாக்கு தட்டுப்பட்டது. நாக்கு அசைந்தது.

"போயிடும்மா."

"என்னடி?"

"போயிடு. கத்திக்கிட்டே இருந்தேனே, கேக்கலையா உனக்கு? வராத வராதன்னு... நான் கை காட்டலம்மா." சாம்பல் கண்ணில் ஒரு தண்ணீர்க் கோடு இறங்கியது. "இது என் கை இல்ல. ஆறு தூக்கி வச்சிருக்கு. எறக்க முடியலம்மா. வலிக்குது."

நெல்டா அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

"வலிக்குதா கண்ணு?"

"ரொம்ப."

"இனிமே வலிக்காது. அம்மா பாத்துக்கறேன். அம்மா இருக்கேன்ல."

அவள் சொல்லி முடித்தபோது டான்சியின் கை தளர்ந்தது. இறங்கியது. பெருமூச்சு மாதிரி ஒன்று. அப்புறம் அந்தச் சட்டைக்குள்ளிருந்து வண்டல் பொலபொலவென்று சரிந்தது, கழுத்து வழியாக, கை வழியாக. பாளத்தின் மேல் ஒரு சாம்பல் குவியல். அதுவும் கரைந்து தண்ணீருக்குப் போனது. நெல்டாவின் பிடியில் வெறும் சட்டை. வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு விரல்கூட மிஞ்சவில்லை.

குனிந்து அள்ளப் போனாள். முடியவில்லை.

அவள் வலது கை எழுந்தது.

அவள் எழுப்பவில்லை. தோளிலிருந்து, மெதுவாக. சட்டைக் கைக்குள் ஏதோ நிரம்பிக்கொண்டே ஏறியது. சில்லென்று. முழங்கை நிமிர்ந்தது. விரல் நீண்டது. இடது கையால் பிடித்து இழுத்தாள். தொங்கினாள். இறங்கவில்லை. கை சுவருக்கு அடியைக் காட்டியது. இருட்டை.

விசில் சத்தம்.

மூடுபனிக்குள்ளிருந்து ஆர்லோவின் படகு வந்தது. அக்காவைத் தேடி. நாலு டீச்சர்களும் முன்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டு. இடது ஓரத் தேக்கம் அவனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு இழுப்பு. ஒரே ஒரு இழுப்பு.

அங்க போடா. இடது பக்கம். தம்பி, இடது பக்கம் போடா!

கத்தினாள். நாக்கின் மேல் சில்லென்று மாவு. தொண்டையிலும். வெளியே வந்தது ஸ்ஸ்ஸ் மட்டும்.

ஆர்லோ அவளைப் பார்த்துவிட்டான். அவன் இருந்த இடத்துக்குச் சுவர் இன்னும் மூடுபனிக்குள்தான். அக்கா உயிரோடு நிற்கிறாள், வழி காட்டுகிறாள். பயத்தில் வெளுத்திருந்த அந்தத் தாடி முகம் அப்படியே மலர்ந்தது. புரிந்தது என்று தலையை ஆட்டினான். டீச்சர்களிடம் ஏதோ சொன்னான். அவர்களும் சிரித்தார்கள், ஒருத்தி அவளுக்குக் கையசைத்தாள்.

பிறகு படகின் மூக்கைத் திருப்பினான், அவள் கை காட்டிய பக்கம்.